விற்ற வண்டியைத் திரும்பக் கேட்கப் போன கதை

பதினோரு வருடம் ஒரே கம்பெனியின் பிக்கப் வண்டியை ஓட்டினேன். பிறகு வேறு கம்பெனிக்கு மாறினேன். எதிலிருந்து எதற்கு என்று எழுத மாட்டேன். எழுதினால் ஆரணி வண்டி ஸ்டாண்டில் நாலு பேர் என் சட்டையைப் பிடிப்பார்கள். எங்கள் ஸ்டாண்டில் சாமி, கட்சி, நடிகர் மூன்றைப் பற்றியும் நிதானமாகப் பேசலாம். வண்டிக் கம்பெனியைப் பற்றிப் பேச முடியாது. தன் வண்டியின் கிளட்சை ஒருவன் காலையிலிருந்து திட்டிக்கொண்டே இருப்பான். பக்கத்தில் இருப்பவன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் அடிக்க வருவான்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். கம்பெனி மாறினவர்களை நான் திட்டிய திட்டைக் கேட்டவர்கள், அவர்கள் பெற்ற தாயைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருப்பார்கள்.

என் பிழைப்பு ஈரப் பட்டு நூல் ஏற்றுவது. ஊருக்குள் ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. அதன் முதலாளி முன்பெல்லாம் பட்டறைக்குப் பக்கத்துக் காலி மனையிலேயே நூலை உலர்த்துவார். அந்த மனையில் இப்போது மூன்று மாடி வீடு நிற்கிறது. அதனால் உலர்த்தும் கொட்டகையை முள்ளிப்பட்டுப் பக்கம் கொண்டுபோய்விட்டார். தினமும் காலையில் சாயம் போட்டு, அலசி, பிழிந்து கற்றை கற்றையாகக் கட்டிய நூல் சிட்டங்களைப் பட்டறையில் ஏற்றிக் கொட்டகையில் இறக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே மூங்கில் கழியில் மாட்டி உதறிவிட வேண்டும். குவியலாக அரைமணி நேரத்துக்கு மேல் கிடந்தால் சாயம் அடியில் இறங்கித் திட்டுத் திட்டாகிவிடும். அந்த நூலில் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டால் கட்டினவளுக்குத் தேமல் வந்த மாதிரி இருக்கும். ஒன்பது வருடமாக இந்த லோடு என்னுடையது. மற்ற லோடுகள் வரும், போகும். அடுப்பு எரிவது இதில்தான்.

பழைய வண்டியில் குறை ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தேன். மாறியதற்குக் காரணம் ஒரு விற்பனைப் பையன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று வேலூர் ஷோரூமுக்குப் போனேன். ஏசி அறையில் உட்கார வைத்து, ஜூஸ் கொடுத்து, "சார், நீங்க டிரைவர் இல்ல. தொழில்முனைவோர்" என்றான். ஊரில் என்னை 'ஏய் லோடு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் கூடப் பலருக்குத் தெரியாது. தொழில்முனைவோர் என்று ஒருவன் சொன்னதும் எனக்குக் கழுத்து நீண்டுவிட்டது. வண்டியின் உள்ளே டிவி மாதிரி ஒரு திரை. சீட்டு என் வீட்டுக் கட்டிலை விட மெத்தென்று இருந்தது. என்ஜினைப் பற்றி நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நல்லா ஓடுமா?" "சூப்பரா ஓடும் சார்." முடிந்தது விசாரணை. பட்டு எடுக்க வருகிற வெளியூர்க்காரர்கள் சரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு நூலைப் பார்க்காமல் வாங்கிப் போவதைப் பார்த்துச் சிரிக்கிறவன் நான்.

வண்டி எடுக்கிற நாளில் கேக் வெட்டச் சொன்னார்கள். அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றை என்னையும் என் மனைவியையும் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். "இந்தச் சாவி வண்டிக்குள்ளே போவுமா?" என்று என் மனைவி கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. பழைய வண்டியைப் பெரணமல்லூர்க்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டான். மற்றவர் வண்டிகளில் தினக்கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன். அவன் குடும்பத்தில் முதல் சொந்த வண்டி. "ஒரு நாள் நின்னதில்ல, எங்கம்மா மேல சத்தியம்" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

இரண்டு மாதம் ஸ்டாண்டில் என் பிரசங்கம் தாங்க முடியாததாக இருந்திருக்கும். பழைய கம்பெனிக்காரர்களைப் பார்த்து, "இன்னும் அந்த டப்பாவையே ஓட்டிகினு கீறீங்களா?" என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது.

முள்ளிப்பட்டு சாலையில் போய்க்கொண்டிருக்கிறேன், வண்டி திடீரென்று மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. மிதிக்கிறேன், போகவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து. அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுகிறது. வேலூர் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே போனால் விளக்கு எரியாது. சட்டை கசங்காத ஒரு பையன் மடிக்கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, "அது பாதுகாப்பு முறை சார். என்ஜின் தன்னைத்தானே காப்பாத்திக்குது" என்றான். என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, சரி. என்னை யார் காப்பாற்றுவது என்று கேட்டேன். "சாஃப்ட்வேர் ஏத்திட்டோம் சார்" என்றான். மறுநாள் ஒரு பெண் போன் செய்து, சர்வீஸுக்குப் பத்துக்கு எவ்வளவு மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டாள். பத்து தராவிட்டால் அந்தப் பையனுக்குத் திட்டு விழும் என்றும் சொன்னாள். பத்து கொடுத்தேன். அன்று மாலை மறுபடியும் விளக்கு எரிந்தது.

ஸ்டாண்டில் மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வது? வண்டி நின்றால் ஓரம் கட்டிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ முக்கியமாகப் பேசுவதுபோல நிற்பேன். எதிரே யாரும் இல்லாத போனில் நான் பேசிய வியாபாரமெல்லாம் உண்மையாக நடந்திருந்தால் இந்நேரம் மில் வாங்கியிருப்பேன். ஸ்டாண்டிலேயே வயதானவர் ஒருவர், வெற்றிலையும் வாயுமாக இருப்பவர், ஒருநாள் அந்த வழியாக வந்து வண்டியை நிறுத்தினார்.

"இன்னா நைனா, ரிப்பேரா?"

"போன் பேசிகினு கீறேன் மாமா."

"நேத்தும் இங்கயேதான் பேசிகினு இருந்த."

"இங்கதான் டவர் கெடைக்குது."

"ஓ. வண்டிக்கா, போனுக்கா?" என்று கேட்டு, துப்பிவிட்டுப் போனார்.

கல்யாண சீசனில்தான் பெரிய அடி விழுந்தது. அரக்குக் கலர், முழு லோடு. பாதி வழியில் வண்டி நடக்கத் தொடங்கி, பிறகு நின்றேவிட்டது. பத்து நிமிடம் அணைத்து வைத்தேன். வரவில்லை. கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் போட்டேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினால் பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்து ஒரு பெண் வந்து, நீங்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா என்று கேட்டாள். புளியமரத்தடியில் இருக்கிறேன் என்றேன். மாவட்டம், தாலுகா, வண்டியின் சேஸ் எண், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வேறு ஒருவருக்கு மாற்றினாள். அவரும் முதலிலிருந்து கேட்டார். கத்தினேன். "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்றார். எனக்கு இருந்தது வருத்தமே இல்லை, கொலைவெறி. அப்படி ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு வண்டி தானாகக் கிளம்பியது. கொட்டகையில் இறக்கிப் பார்த்தால் அடியில் இருந்த சிட்டங்கள் பாதி அரக்கு, பாதி வெளிறல்.

முதலாளி சிட்டத்தைக் கையில் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்படியே போனா நான் வேற வண்டிதான் பாக்கணும்" என்றார், அவ்வளவுதான். அந்த நூலைக் கறுப்புச் சாயத்தில் போட்டு மறைத்தார். கல்யாண சீசனில் கறுப்பை யார் வாங்குவார்கள்?

அன்று மதியம் வீட்டில் மனைவியிடம், பழைய வண்டியையே திரும்ப வாங்கப் போகிறேன் என்றேன். அது பதினோரு வருடம் ஒரு நாள்கூட நின்றதில்லை என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாது, நின்னதில்லயா? எந்தம்பி கல்யாணத்துக்கு சந்தவாசல் போறப்ப யாருங்க தள்ளுனது? பட்டுப்பொடவ கட்டிகினு நான் தள்ளுனேன்."

"அது பேட்டரி."

"போளூர் ரோட்ல மழையில நின்னோமே?"

"அது டீசல்ல தண்ணி. பங்க்காரன் தப்பு."

"ஆஸ்பத்திரிக்கு எங்கப்பாவ கூட்டிகினு போறப்ப?"

"அது பெல்ட்டு. பெல்ட்டுன்னா அறுந்துதான் போவும்."

"அப்ப வண்டி எப்பவும் நிக்கல. பேட்டரி, டீசலு, பெல்ட்டு இதுங்கதான் நின்னுதுங்க. வண்டி பாவம், அதுங்களுக்குத் தொணைக்கு நின்னுது" என்றாள்.

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று கிளம்பினேன்.

புது வண்டியை எடுத்துக்கொண்டே பெரணமல்லூர் போனேன். கையில் அரைக்கிலோ இனிப்பு. அவன் வீடு ஊருக்கு வெளியே இருக்கிறது. வாசலில் என் பழைய வண்டி நின்றது. நீலம் அடித்திருந்தான். அதைப் பார்த்ததும் பானெட்டைத் தடவிக் கொடுத்தேன், பொய் சொல்லவில்லை. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"வண்டிய எனக்கே திருப்பிக் குடுத்துடுறியாப்பா?"

அவன் இனிப்புப் பெட்டியை வாங்கித் திண்டில் வைத்தான். சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை.

"அண்ணா, மொத மாசம் நானே ஒங்கள தேடிகினு வரலாம்னு இருந்தேண்ணா. கையில கட்டையோட."

"ஏம்பா?"

"ஏனா? எட்டு தபா நின்னுது. ஒங்கம்மா மேல சத்தியம் பண்ணீங்களே, அவங்க நல்லா கீறாங்களா?"

அம்மா நன்றாகத்தான் இருந்தாள். தலை குனிந்துகொண்டேன்.

"வாங்க காட்றேன்" என்று பழைய வண்டியின் அடியில் படுக்கச் சொன்னான். படுத்தேன். பின்பக்கத் தரை முழுவதும் புதுத் தகடு வைத்துப் பற்ற வைத்திருந்தான். ஒயர்கள் எல்லாம் புதிது. "பழைய ஒயரு பூரா பச்ச பூத்துக் கெடந்துது. தரைய இன்னா பண்ணி வச்சிருந்தீங்க, சல்லட மாதிரி?" என்று கேட்டான். பிறகு எழுந்து என் புது வண்டியின் அடியில் தலையை நுழைத்தான்.

"இதுலயும் ஓட்ட போட்டுட்டீங்களாண்ணா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஈர நூல் ஏற்றும் வண்டியின் தரையில் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் ஒரு கலர்த் தண்ணீர் இன்னொரு கலர் நூலில் ஏறும். அதனால் நூல் வண்டி ஓட்டுகிற நாங்கள் வண்டி வாங்கியதும் செய்கிற முதல் வேலை, வெல்டிங் பட்டறையில் விட்டுத் தரையில் நாலு ஓட்டை போடுவது. பூஜைக்கு முன்னாலேயே போட்டுவிடுவோம். நானும் போட்டேன். பழைய வண்டியில் போட்ட அதே இடத்தில், அளவு பார்த்துப் போட்டேன். சர்வீஸ் சென்டரில் இதைச் சொல்லவில்லை, சொன்னால் வாரன்டி போய்விடும். ஒவ்வொரு முறை போகும்போதும் ஓட்டை மேல் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டுதான் போனேன்.

அவன் காட்டின இடத்தில், ஓட்டைக்கு நேர் கீழே, ஒயர்கள் சேருகிற கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மேல் அரக்கும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு அங்குலம் படிந்திருந்தது. நான் ஏற்றின கலர் எல்லாம் அதில் இருந்தது. புளிப்பும் உப்பும் கலந்த சாயத் தண்ணீர் மாதக்கணக்கில் சொட்டி உள்ளே இறங்கியிருக்கிறது. நனைந்தால் விளக்கு. காய்ந்தால் சமத்து. வேலூரில் நாலு முறை மடிக்கணினி வைத்துப் பார்த்தவன் எவனும் ஒரு முறை குனிந்து பார்க்கவில்லை. குனிந்தால் சட்டை கசங்கும்.

என் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு வழக்கம்போலக் கம்பெனி மேல் வந்தது. லோடு வண்டியில், தரைக்கு நேர் கீழே, மூடி கூட இல்லாமல் அந்தப் பெட்டியை வைத்தவன் எந்த ஊர்க்காரன்? மழையே பெய்யாத தேசத்திலா வண்டி வடிவமைத்தான்? இதை அங்கேயே படுத்தபடி கேட்டேன். "நீங்க எந்திரிங்கண்ணா, மொதல்ல" என்றான் அவன்.

அவன் தன் வண்டியில் ஓட்டைகளை அடைத்து, தரையைப் பின்பக்கம் லேசாகச் சரிய வைத்து, பிளாஸ்டிக் குழாயைப் பாதியாக அறுத்து வாய்க்கால் போலக் கட்டியிருந்தான். தண்ணீர் பின்னால் போய்க் கொட்டும். நான்கைந்து மாதத்தில் செய்திருக்கிறான். பதினோரு வருடம் அந்த வண்டியை ஓட்டின எனக்கு இது தோன்றவில்லை.

"நீ இன்னாத்துக்கு வாய்க்கா கட்ன? மணிலாகொட்ட மூட்டதான ஏத்துற?" என்று கேட்டேன். வேர்க்கடலை மூட்டை தண்ணீர் விடாது.

அவன் தயங்கினான். "சாயப்பட்டற மொதலாளி போன் பண்ணாருண்ணா. அப்பப்ப நீங்க லீவு போட்டா நூலு ஏத்துவேன். இன்னிக்கி காலைல மறுபடியும் பண்ணாரு. நாளையிலேந்து வரச் சொன்னாரு. டெய்லி."

நான் வண்டி கேட்டுப் போன வீட்டில் என் லோடு இருந்தது.

அங்கிருந்து ஆரணி வரை வண்டி நிற்காமல் ஓடியது. காய்ந்திருந்தது அல்லவா. முதலாளி பட்டறையில் கை கழுவிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். கறுப்புப் பெட்டி, ஓட்டை, பச்சை பூத்தது, சரிசெய்துவிட்டால் இனி நிற்காது, இந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனி, எல்லாம் சொன்னேன். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

"காலைல ஒரு மணி நேரம் நின்னியே, எனக்கு ஏன் போன் பண்ல?"

"கம்பெனிகிட்ட பேசிகினு இருந்தேன்."

"கம்பெனிக்காரன் வந்து நூலு உதறுவானா?"

"இல்ல..."

"ஸ்டாண்டுல வண்டியே இல்லயா? ஒரு போன் போட்டா பத்து நிமிஷத்துல எவனாவது வந்து மாத்திகினு போயிருப்பான். வண்டி நிக்கும்பா. எல்லாக் கம்பெனி வண்டியும் நிக்கும். எங்க வூட்டுத் தறியே நிக்குது. நீ நின்னத மறைக்கற பாரு, அதான் எனக்குப் பேஜாரு. பழைய வண்டி ஓட்டிகினு இருந்தப்ப நின்னா நீயே போன் பண்ணுவ. இப்ப இன்னா வந்துச்சி ஒனக்கு?"

நான் என்ன சொல்வது? ஸ்டாண்டில் சிரிப்பார்கள், அதனால் உங்கள் அரக்கு நூலைத் திட்டு விழ விட்டேன் என்றா? அதைத்தான் சொன்னேன். வேறு வழி இல்லை. சொல்லும்போது அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. அவர் சிரிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் புள்ளைக்கி வாக்கு குடுத்துட்டேன், மாத்த முடியாது. வாரத்துல மூணு நாள் அவன், மூணு நாள் நீ. நின்னா மொத போன் எனக்கு. ரெண்டாவது போன் அவனுக்கு. கம்பெனிக்கு எப்ப வேணா பண்ணிக்க."

ஒன்பது வருட லோடு பாதியாகிவிட்டது. சரி என்றேன். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வழியில் ஒரு பேனர் கம்பத்தை உதைத்தேன். கால் வீங்கியது.

ஓட்டைகளை அடைத்தேன். வாய்க்கால் கட்டினேன். கறுப்புப் பெட்டியைப் புதிதாக மாற்றினேன், வாரன்டி இல்லாமல். நாற்பது நாள் விளக்கு எரியவில்லை. ஸ்டாண்டில் மறுபடியும் வாய் திறக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். நாற்பத்தோராம் நாள், கொட்டகைக்குப் போகிற வழியில், விளக்கு எரிந்தது. அடியில் குனிந்து பார்த்தேன். காய்ந்து சுத்தமாக இருந்தது. இது என் ஓட்டை இல்லை. இது கம்பெனியின் சொந்தச் சரக்கு.

இலவச எண் விரலுக்கு மனப்பாடம். அதை விட்டுவிட்டு முதலாளிக்குப் போட்டேன். "எங்க?" என்றார். சொன்னேன். பிறகு பெரணமல்லூர்க்காரனுக்குப் போட்டேன். நல்லவேளை, ஆரணியில்தான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். நீல வண்டி வந்தது. பின்னாலேயே வெற்றிலைக்காரர் வண்டியும், இன்னும் இரண்டு வண்டிகளும், வேடிக்கை பார்க்க.

"இங்க டவர் கெடைக்கலயா நைனா?" என்றார் வெற்றிலைக்காரர்.

"வண்டி படுத்துடுச்சி மாமா. ஒரு கை புடிங்க" என்றேன். அவர் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு இறங்கி வந்து பிடித்தார்.

ஐந்து பேரும் சிட்டங்களை மாற்றினோம். பச்சை, மாம்பழ மஞ்சள். அவன் ஏறிச் சாவியைத் திருகினான். பழைய வண்டி இருமியது. கிளம்பவில்லை. அந்த இருமலை எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. இரண்டாவது முறையும் இருமியது. "பெடல மிதிக்காத, விட்டுட்டுத் திருவு!" என்று கத்தினேன். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று.

எல்லோரும் போன பிறகு செத்த வண்டியில் உட்கார்ந்திருந்தேன். சீட்டு நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். போன் அடித்தது. முதலாளி.

"நூலு வந்துட்ச்சி. ஒதறிகினு கீறாங்க. திட்டு இல்ல."

"சரிங்க."

"நாளைக்கி அவன் மொற. நாளன்னிக்கி நீ."

"வண்டி ரெடியானாதான் வருவேன். ஆவலன்னா இன்னிக்கே சொல்லிடுறேன்."

"சொல்லு" என்று வைத்துவிட்டார். அதன் பிறகுதான் தமிழுக்கு இரண்டை அழுத்தினேன்.